அடித்தகடு

நான்கு ஸ்டாண்டுகளின் மேல் கார்.
கீழே அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு
மல்லாந்து கிடக்கிறோம்,
நானும் போஹுமீரும்.
இப்படி அருகருகே படுத்து
மூன்று வருஷமாகிறது.

வீட்டை விற்றுப் பாதி பாதி.
நாய் அவனிடம். ஆப்பிள் மரங்கள்
யாரோ ஒருவரிடம்.
இதை மட்டும் பிரிக்க முடியவில்லை:
டர்போ பூட்டிய பழைய ஷ்கோடா,
இரண்டு பேர் பெயரும் ஒரே காகிதத்தில்.
"இது?" என்று வக்கீல் கேட்டதற்கு
"மலைப் பந்தயம் முடியட்டும்" என்றோம்,
இருவரும் ஒரே நேரத்தில்.
அவர் பேனாவை மூடி வைத்தார்.
அதற்குப் பிறகு மூன்று பந்தயம் முடிந்துவிட்டது.

காரின் அடிவயிற்றை யாரும் அழகாகச் செய்வதில்லை.
மேலே வழவழப்பு.
கீழே குழாய், கம்பி, மேடு, பள்ளம்,
துருவேறிய விலா.
மணிக்கு நூற்றைம்பதில்
காற்று அங்கே திருடனாக நுழைந்து
ஒவ்வொரு அறையாகக் கவிழ்த்துத் தேடுகிறது,
போகிற போக்கில்
முன்சக்கரங்களைத் தூக்கிப் பார்க்கிறது.
மூன்றாவது வளைவில்
ஸ்டியரிங் என் கையில் காகிதம்.

தகடு ஓலொமோட்ஸில் கிடைத்தது,
கடையை மூடிய பல் மருத்துவரின் பெயர்ப்பலகை.
இரண்டு அலுமினியத் தாள், நடுவில் பிளாஸ்டிக்,
மூன்று மில்லிமீட்டர் கனம், ஏழு கிலோ.
எழுத்தைச் சுரண்ட நேரமில்லை.
"ரோடு படிக்கட்டும்" என்றான்:
திங்கள் முதல் வியாழன், எட்டு முதல் இரண்டு,
வலியென்றால் மணி அடிக்கவும்.

நான் இடமிருந்து அளந்தேன்.
அவன் வலமிருந்து.
நடுவில் நான்கு மில்லிமீட்டர் இடித்தது.
யார் தவறு என்று பேசவில்லை,
அதில் எங்களுக்குப் பழைய அனுபவம் உண்டு.
அரத்தை எடுத்து
வட்ட ஓட்டைகளை முட்டையாக்கினேன்.
ரப்பர் வாஷர், போல்ட், ரப்பர் வாஷர், போல்ட்,
சைலன்சர் பக்கம் ஒரு கையகலம் விட்டு வெட்டு,
கண்ணில் உலோகத் தூள்.
பத்தாம் நம்பர் ஸ்பானர் வழக்கம்போல் காணோம்.
அவன் மார்பின் மேல் இருந்தது,
மூச்சோடு ஏறி இறங்கிக்கொண்டு.
கேட்காமல் எடுத்துக்கொண்டேன்.

விடியுமுன் பழைய விமான ஓடுபாதையில் ஓட்டினோம்.
நூற்றிருபது. நூற்றைம்பது.
காலடியில் எப்போதும் இருந்த அந்த இரைச்சல்
பேச்சை மறந்தவன் போல நின்றது.
கார் தரையோடு உட்கார்ந்தது.
டேஷ்போர்டைப் பிடித்திருந்த கையை
போஹுமீர் எடுத்துவிட்டான்,
எடுத்தது அவனுக்கே தெரியவில்லை.

மறுநாள் காலை ஷெட்டில் தரை சுத்தமாக இருந்தது.
பதினொரு வருஷமாக
கியர்பாக்ஸுக்கு நேர் கீழே
காலையில் ஒரு கறுப்புச் சொட்டு இருக்கும்.
அன்று இல்லை.
"பார், நின்றுவிட்டது" என்றான்.
அவனுக்கு அப்படித்தான் சந்தோஷம் வரும்.

இருபத்திரண்டு போல்ட்டையும் கழற்றினேன்.
கடைசி போல்ட்டில் தகடு சாய,
ஒரு காபிக் கோப்பை அளவு எண்ணெய்
குளிர்ந்து என் சட்டைக்கைக்குள் இறங்கியது.
சைலன்சர் எட்டிய தூரத்தில்தான்
இரவெல்லாம் தேங்கியிருக்கிறது.

"ஞாயிறு வரை தாங்கும்."
"பூசி மெழுகாதே, போஹுமீர்."
நான் உரக்கச் சொல்லவில்லை.
ஆனாலும் அவன் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு
ஆயில் சீல் வாங்கப் போனான்,
பிரனோ வரை, எழுபது கிலோமீட்டர்.
அந்த வீட்டில் இருந்தபோது
குழாய் வாஷருக்குத் தெருமுனை வரை போகாதவன்.

நள்ளிரவில் சீல் மாற்றி முடித்தோம்.
தகட்டில் ஒரு ஜன்னல் வெட்டினேன்,
விரல் நுழையும் வட்டம்,
கசிந்தால் தெரியட்டும் என்று.
குறி வைக்கும்போது எழுத்தைப் பார்க்கவில்லை.
வெட்டி முடித்துத் திருப்பினால்
'வலி' மட்டும் போய்விட்டிருக்கிறது.
வெட்டுத்துண்டை அவன் பையில் போட்டுக்கொண்டதை
நான் பார்க்காதது போல இருந்தேன்.

ஞாயிறு. எங்கள் எண் முப்பத்தேழு.
முப்பத்தாறு போன புகை இன்னும் மரங்களில்.
ஹெல்மெட்டுக்குள் என் மூச்சு எனக்கே சத்தம்.
அவன் ஈரப் புல்லில் படுத்து,
கையைக் காருக்கடியில் நீட்டித் தடவி,
எழுந்து வந்து
கண்ணாடிக்கு முன்னால் விரலைக் காட்டினான்.

காய்ந்த விரல்.